அப்பா ஒளித்துவைத்த தேதி

தினமும் காபிக்கு முன்னால் காலண்டர் தாள் கிழிக்கிற என் அப்பாவுக்கு,

ரொம்பத் தாமதமாக எழுதுகிறேன். நீங்கள் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல் வருஷம் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கோபம்தான் வந்தது. இரண்டாம் வருஷம் ஆஸ்பத்திரி, ஆபீஸ், கமிட்டி என்று ஓடியதில் உட்காரவே முடியவில்லை. இப்போது கோபம் இல்லை. உங்களுக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது.

எடுத்ததும் அதைச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். ஒரு ஃபைலை நடுவில் பிரித்தாலே முகம் சுளிக்கிறவர் நீங்கள். வரிசையாகவே வருகிறேன்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். எங்களை மாதிரிக் குடும்பங்கள் வேறு ஊர்களிலும் இருக்கின்றன. யாராவது ஒருத்தர் இதைப் பார்த்துத் தன் காகிதங்களைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டால் போதும். அதனால் உங்கள் பேரனின் பெயரைப் போடவில்லை. நீங்கள் கூப்பிட்ட மாதிரி குட்டன் என்றே இருக்கட்டும். என் பெயரும் கடைசியில் இருக்காது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

குட்டனுக்கு ஒன்பது வயது. முன்பற்கள் முளைத்துவிட்டன, ஒன்று சற்றுக் கோணல். மராத்தியில் வீட்டுப்பாடம், ஹிந்தியில் சண்டை, தமிழில் சாப்பாடு என்று பிரித்து வைத்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் "அம்மா, இன்னிக்கு சூயி எந்தக் கைல?" என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டுவான். ஊசிக்கு அவன் பயப்படுவதில்லை. நான்தான் இன்னும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். இரவில் ஒரு தும்மல் கேட்டால் எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். "அம்மா, தூங்கு" என்று அவனே சொல்கிறான்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். குட்டனுக்குப் பிறவியிலேயே தலசீமியா. அவன் உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைச் சரியாக உண்டாக்காது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். அவன் அப்பாவுக்கு சான்பாடாவில் வேலை, எனக்கு தாதரில். நீங்கள் அப்போதுதான் ரிடையர் ஆகி, டோம்பிவிலி வீட்டைக் காலி செய்துவிட்டு, அம்மாவோடு எங்கள் செம்பூர் ஃப்ளாட்டுக்கு வந்திருந்தீர்கள். "என்னத்துக்கு மாசாமாசம் லீவு போடறே? நான் கூட்டிண்டு போறேன்" என்றீர்கள். அன்றிலிருந்து அது உங்கள் வேலை ஆயிற்று.

முப்பத்துநாலு வருஷம் ஒரு கப்பல் கம்பெனியின் ரெக்கார்டு செக்ஷனில் இருந்தவர் ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் எப்படிச் செய்வார்? மாட்டுங்காவில் காபிப்பொடி வாங்குகிற கடையில் வருஷா வருஷம் ஒரு தினசரிக் காலண்டர் கொடுப்பார்கள். கிழித்த தாள்களின் பின்பக்கம் நம் வீட்டில் மளிகை லிஸ்ட் ஆகும். குட்டனுக்கு ரத்தம் ஏற்றிய நாளின் தாள் மட்டும் ஆகாது. ரத்தப் பையின் நம்பர் போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒன்று உபரியாக இருக்கும். சிஸ்டரிடம் கேட்டு வாங்கி, அன்றைய தாளின் பின்பக்கம் ஒட்டுவீர்கள். பக்கத்தில் அவன் எடை, ஏற ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், சமயத்தில் "அழவில்லை" என்று ஒரு சொல். வருஷக் கடைசியில் நூல் கோத்துக் கட்டி பீரோ மேல் ஏற்றிவிடுவீர்கள்.

"அப்பா, ஆஸ்பத்திரியிலேயே ரிஜிஸ்டர் இருக்கு" என்று கேலி செய்தேன்.

"அது அவாளோட ரிஜிஸ்டர். இது நம்மளோடது."

அவனுக்கு ஆறு வயது ஆகப்போகிற சமயம், வருஷத்துக்கு ஒருமுறை செய்கிற பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று வந்தது. முந்தின வருஷம் இல்லை, அந்த வருஷம் இருந்தது. என்னையும் அவன் அப்பாவையும் சோதித்தார்கள், எங்களுக்கு இல்லை. ஏற்றிய ரத்தத்தில்தான் வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் வாயால் சொன்னார், எழுதித் தரவில்லை. நீங்கள் பக்கத்து நாற்காலியில் இருந்தீர்கள். உங்கள் குடையிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

அடுத்த முறை கிளம்ப வேண்டிய காலையில், "இனிமே நீயே கூட்டிண்டு போ. என்னால முடியாது" என்றீர்கள். காரணம் சொல்லவில்லை. குட்டன் வந்து மடியில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் அவனை இறக்கிவிட்டு பால்கனிக்குப் போனீர்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் ஒருநாள் சமையலறை வாசலில் நின்று கேட்டேனே.

"அவனைத் தொட அருவருப்பா இருக்கா அப்பா உங்களுக்கு?"

நீங்கள் பதில் சொல்லவில்லை. மளிகை லிஸ்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினீர்கள். அதற்கப்புறம் எட்டு மாதம் எங்களோடு இருந்தீர்கள். அந்த எட்டு மாதத்தில் ஒருநாள்கூட நான் அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் மாட்டுங்கா ஸ்டேஷன் படியில் உட்கார்ந்தீர்கள், எழுந்திருக்கவில்லை. வாட்ச், கண்ணாடி, சட்டைப் பையிலிருந்த பழைய ரயில் பாஸ் கவர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். பிரிக்கக்கூட இல்லை, அப்படியே அம்மாவின் பீரோவில் வைத்தேன்.

பேச்சியக்காவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தாராவியிலிருந்து வருவாள், ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற பட்டறை வைத்திருக்கிறாள். வார்டு பெஞ்சில் உங்கள் குடையை வைத்து இடம் பிடித்துக் கொடுப்பீர்களே, அவள்தான். அவள் பெண்ணுக்கு இப்போது பதினாலு வயது. அதே வார்டு, அதே வருஷம், பரிசோதனையில் அதே முடிவு. நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைத்திருந்தோம். ஒவ்வொருத்தராக வாய் திறந்தபோது பதினொரு குடும்பம்.

சேர்ந்து மனு கொடுத்தோம். கோர்ட்டுக்குப் போவோம் என்று வக்கீல் நோட்டீஸ் போனதும் சுகாதாரத் துறை பேசித் தீர்க்கலாம் என்று ஒரு கமிட்டி போட்டது. பேச்சியக்கா பேசுவாள், நான் எழுதுவேன் என்று ஏற்பாடு. ஹிந்தி அவளுக்கு என்னைவிட நன்றாக வரும். கோபம் வந்தால் மட்டும் திருநெல்வேலித் தமிழுக்கு மாறிவிடுவாள், அப்போது நான் மொழிபெயர்க்க வேண்டும்.

கமிட்டியில் எங்களோடு பேசிய அதிகாரி நல்ல மனிதர், அப்பா. அதையும் சொல்ல வேண்டும். கண்ணாடி போட்டவர், குரலை உயர்த்தாதவர், எல்லாருக்கும் டீ சொல்லுவார். முதல் கூட்டத்தில் அவர் நீட்டிய வரைவில் 'கருணை உதவி' என்று இருந்தது. ஒரு தொகை, ஒருமுறை, யார் மேலும் குற்றம் இல்லை.

பேச்சியக்கா காகிதத்தைத் திருப்பி வைத்தாள். "கருணையா? நான் இங்க ஏந்திட்டு நிக்க வரல சார். ஒங்க பையில இருந்துதான் எம் பிள்ளைக்கு ஏறிச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. எங்க தெருவுல அம்புட்டு பேரும் என்னையத்தான் பாக்காவ. நான் எங்க போய் வாங்கிட்டு வந்தேன்னு கேக்காவ."

நான் மொழிபெயர்த்தேன். கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டேன்.

"ஏளா, முழுசா சொல்லு. பாதிய முழுங்காத."

முழுசாகச் சொன்னேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வார்த்தையை மாற்றலாம் என்றார்.

எங்கள் கோரிக்கை மூன்று. வாழ்நாள் முழுக்க மருந்தும் சிகிச்சையும் அரசு பொறுப்பு, மாதாமாதம் ஒரு தொகை. வைரஸ் இருந்தால் இன்னும் சீக்கிரமே காட்டிக்கொடுக்கிற சோதனை அந்த ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு பைக்கும். பிறகு அந்த ஒரு வரி. போட்டால் பதினொரு பேரும் ஒன்றாகக் கையெழுத்து, இல்லாவிட்டால் யாரும் இல்லை என்றும் எங்களுக்குள் முடிவு செய்திருந்தோம்.

மூன்றாவது கூட்டத்தில் பேச்சு என் ஃபைலில் வந்து நின்றது.

குட்டனுக்கு நோய் இல்லை என்று வந்த பரிசோதனைக்கும், இருக்கிறது என்று வந்ததற்கும் நடுவில் ஒரு வருஷம். அந்த வருஷத்து ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரை அதிகாரி விரலால் தடவிக்கொண்டே வந்தார். மூன்று வாரம், மூன்று வாரம், மூன்று வாரம், ஓரிடத்தில் ஆறு வாரம். "மேடம், இந்தக் குழந்தை ஆறு வாரம் ரத்தம் இல்லாமல் இருந்திருக்க முடியாது. நடுவில் எங்கே ஏற்றினீர்கள்?"

எனக்குத் தெரியாது. அது மழை மாதம். மாமியார் இறந்து, காரியத்துக்காக நானும் அவன் அப்பாவும் பாலக்காட்டில் இருந்த பதினைந்து நாளுக்குள் வருகிறது. நீங்கள் போனில் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. "ஆச்சு, ஏத்தியாச்சு. தயிர்சாதம் சாப்பிட்டான். நீ அங்கே காரியத்தைப் பாரு."

வீட்டுக்கு வந்து பீரோ மேலிருந்த காலண்டர் தாள்களின் கட்டை இறக்கினேன். அந்த வருஷத்தில் பதினேழு தாள் இருக்க வேண்டும், பதினாறுதான் இருந்தது. நீங்கள் நூல் கோத்த துளைகள்கூட வரிசையாக இருந்தன. அந்த ஒரு தாளை நீங்கள் வைக்க மறந்திருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. முடிச்சு வேறு மாதிரி இருந்தது, அப்பா. ஒருமுறை அவிழ்த்து மறுபடியும் கட்டியிருந்தீர்கள்.

அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "நான் உங்களை நம்புகிறேன் மேடம். ஃபைல் நம்பாது. வெளியிலிருந்து ஒரு பை வந்திருந்தால், அதிலிருந்து தொற்றியிருக்கலாம் என்று எங்கள் வக்கீல் சொல்வார். காரணம் கண்டறிய முடியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், உங்களுக்கு ஒரு தொகை வாங்கித் தருகிறேன். மற்ற பத்துப் பேரின் ஃபைல் தடையில்லாமல் போகும்."

அந்த வாரம் எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு அப்பா எழுதினார், ஒரு குடும்பத்துக்காகப் பத்துக் குடும்பம் நிற்க வேண்டுமா என்று. அவர் மேல் தப்பில்லை. அவர் பையனுக்கு ஆபரேஷன் காத்திருந்தது. பேச்சியக்கா குரல் பதிவில் பதில் போட்டாள். "அண்ணாச்சி, ஒண்ணாப் போடுவோம்னு மொத ஆளா கைதூக்குனது நீங்கதான். அந்தக் கைய இப்ப எங்க வச்சிருக்கிய?"

நீங்கள் ஒரு காகிதத்தைத் தூக்கிப் போடமாட்டீர்கள். மறைத்திருந்தாலும் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள். அப்படியானால் எங்கே? யோசித்தபோது உங்கள் சட்டைப் பை ஞாபகம் வந்தது. ரயிலேறிப் போக ஆபீஸே இல்லாமல் போன பிறகும் அந்தப் பாஸ் கவரை ஏன் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தீர்கள்?

பீரோவைத் திறந்து, கடைசி பாஸுக்குப் பின்னால் விரலை விட்டேன். நாலாக மடித்த தாள் வந்தது. முன்பக்கம் அந்தத் தேதி, ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் வேறு கம்பெனி ஸ்டிக்கர், வேறு மாதிரி நம்பர். உங்கள் கையெழுத்து: "ஆஸ்பத்திரியில் இந்த குரூப் பை இல்லை. மழையில் ரயில் இல்லை, ரத்தம் கொடுக்கிற டோனர் வரவில்லை. குழந்தை நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். செம்பூர் நர்ஸிங் ஹோம். பிரைவேட் பை. நானே முடிவெடுத்தேன். அழவில்லை."

அதன் கீழே வேறு மையில், பின்னால் சேர்த்த ஒரே வரி. "நான்தான் கொண்டுபோய் ஏற்றினேன்."

தொட அருவருப்பா என்று நான் கேட்டபோது இந்தத் தாள் உங்கள் சட்டைப் பையில் இருந்தது, இல்லையா? நான் நின்ற இடத்திலிருந்து ஒரு முழம்கூட இல்லை. ஏன் சொல்லவில்லை அப்பா? சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை, அதுதான் காரணமா?

மறுநாள் மதியம் தாளை எடுத்துக்கொண்டு பேச்சியக்காவின் பட்டறைக்குப் போனேன். நீல ஸ்கர்ட்டுகள் இடுப்பளவு குவிந்திருந்தன. படித்துக் காட்டினேன். மெஷினை நிறுத்தாமல் கேட்டாள்.

"இதைக் கிழிச்சுப் போட்டுட்டா?" என்றேன்.

மெஷின் நின்றது. "கிழிச்சுப் போட்டு?"

"அந்தத் தடவை காய்ச்சல், ரத்தம் ஏத்தலைன்னு எழுதிக் குடுத்துடலாம். யாராலயும் இல்லைன்னு சொல்ல முடியாது. இந்தப் பைல இருந்துதான் வந்திருந்தா நம்ம பேச்சே போயிடும் அக்கா. எல்லாருமே வெளியே வாங்கியிருக்கலாம்னு சொல்லிடுவா."

"எழுதுவியா?"

"எழுதுவேன்னு நினைக்கறேன்."

"எழுதிட்டு வா. நான் அந்தக் கண்ணாடிக்காரர் முன்னால ஒக்காந்து, ஒங்க பையில என்ன இருந்துச்சுன்னு மறைக்காமச் சொல்லுங்கன்னு கேக்கேன். நீ பக்கத்துல ஒக்காந்து மொழிபெயர்த்துச் சொல்லு. ஒன் வாய் கோணாமச் சொல்லிருவியா?"

அவள் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"ஒங்கப்பா பாட்டுக்கு வெசத்தையா வாங்கிட்டு வந்தாவ? ரத்தம் இல்லாம பிள்ள தரையில ஒக்காந்தா பெத்தவளுக்கு எப்படி இருக்கும்னு ஒனக்குத் தெரியும்லா. அந்த மழையில நானா இருந்தா ரெண்டு கடை ஏறி எறங்கியிருப்பேன். அதுல இருந்துதான் வந்துச்சுன்னா, வந்துச்சு. வேற வழியில கேப்போம். அழுவாத. எங்க வீட்டு டீ ஒனக்கு எறங்குமா, காப்பிக்காரி?"

இறங்கியது.

அடுத்த கூட்டத்தில் அசலைக் காட்டினேன், ஜெராக்ஸைக் கொடுத்தேன். அதிகாரி அசலைக் கேட்டார். "இது எங்களோட ரிஜிஸ்டர் சார், இங்கே விட்டுட்டுப் போக முடியாது" என்றேன். என் வாயில் உங்கள் குரல் வந்ததைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அவர் சிரித்துவிட்டு ஜெராக்ஸில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பையின் நம்பரை வைத்து அந்தத் தனியார் ரத்த வங்கிக்கு எழுதினார்கள். ரத்தம் கொடுத்தவர் யார், அதற்கப்புறம் அவருக்குச் சோதனை நடந்ததா என்று. பதில் வர ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் நான் எப்படி இருந்தேன் என்று அம்மாவைக் கேளுங்கள். குக்கரை மூன்று தடவை தண்ணீர் இல்லாமல் வைத்தேன். ஆபீஸில் இருந்து குட்டனின் பள்ளிக்கு போன் செய்து அவன் நன்றாக இருக்கிறானா என்று கேட்டேன். டீச்சர், "இன்னிக்கு ரெண்டாவது தடவை கேக்கறீங்க மேடம்" என்றாள்.

ஏழாவது வாரம் கமிட்டியிலிருந்த லேடி டாக்டர் கடிதத்தை எங்களுக்குப் படித்துக் காட்டினார். அந்தப் பையின் ரத்தத்தைக் கொடுத்தவர் வழக்கமாகக் கொடுக்கிறவர். அதற்குப் பிறகும் பலமுறை கொடுத்திருக்கிறார், ஒவ்வொரு முறையும் சோதித்திருக்கிறார்கள். இப்போது கூப்பிட்டு மறுபடியும் சோதித்தார்கள். அவருக்கு எதுவும் இல்லை. டாக்டர் கடிதத்தை மடித்தார். "அந்தப் பையில் இல்லை. உங்கள் அப்பா எழுதி வைக்காவிட்டால் இதைச் சொல்லியிருக்கவே முடியாது."

இதுதான் செய்தி, அப்பா. அந்த மழையில் நீங்கள் தேடி வாங்கி வந்தது நல்ல ரத்தம். அந்த வருஷத்துப் பதினேழு பைகளில், சந்தேகமே இல்லாமல் நல்லது என்று முதலில் நிரூபணமானது அதுதான்.

மீதிப் பதினாறும் ஆஸ்பத்திரிப் பைகள். அவற்றில் பதினாலைக் கொடுத்தவர்களையும் சோதித்தார்கள், எதுவும் இல்லை. மற்ற இரண்டைக் கொடுத்தவர்களை அவர்கள் தந்த விலாசத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த இரண்டில் எது என்று இனிமேல் தெரியாது. கொடுத்தவருக்கே தனக்கு இருப்பது தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன். அவர் எங்காவது மருந்து சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கட்டும். இப்படி நினைக்க எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

அதிகாரி என் ஃபைலை மற்ற பத்தின் மேல் வைத்து, ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்தினார். அதற்குப் பிறகும் நாலு கூட்டம் இழுத்தது. மாதத் தொகை நாங்கள் கேட்ட அளவு கிடைக்கவில்லை. மருந்தும் சிகிச்சையும் வாழ்நாள் முழுக்க என்று எழுதியாயிற்று. புதுச் சோதனை அந்த ஆஸ்பத்திரியில் ஆரம்பித்துவிட்டது, மற்ற ஆஸ்பத்திரிகளுக்குப் 'படிப்படியாக' என்றார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆனால் இரண்டாம் பக்கத்தில் அந்த ஒரு வரி இருக்கிறது: கீழ்க்கண்ட குழந்தைகளுக்கு இந்நோய்த் தொற்று, அரசு மருத்துவமனையில் ஏற்றப்பட்ட ரத்தத்தின் மூலம் ஏற்பட்டது. கருணை என்ற சொல் போய் இழப்பீடு என்று வந்திருக்கிறது.

பேச்சியக்கா அந்தப் பக்கத்தை மட்டும் மூன்று ஜெராக்ஸ் எடுத்தாள். "ஒண்ணு வீட்டுல, ஒண்ணு பட்டறையில" என்றாள். மூன்றாவது எதற்கு என்று கேட்டேன். "எங்க தெருவுல ஒருத்தி இருக்கா, அவளுக்குன்னே. கையில குடுக்கமாட்டேன், காட்டிட்டு வாங்கிருவேன்." பிள்ளைகளின் பெயர்களை மறைக்க அதன் மேல் ஒரு துண்டு நீலத் துணி ஒட்டியிருந்தாள்.

பதினொரு பேரும் ஒரே மேஜையில் கையெழுத்துப் போட்டோம். வாட்ஸாப்பில் கோபப்பட்ட அப்பா தன் பேனாவை என்னிடம் நீட்டினார். அவர் பையனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது.

வீட்டுக்கு வந்து கட்டை அவிழ்த்தேன். உங்கள் தாளை அதன் தேதிக்கு உரிய இடத்தில், முன் தாளுக்கும் பின் தாளுக்கும் நடுவில் வைத்தேன். மடிப்பு போகவில்லை, நாலு மடிப்பும் அப்படியே தெரிகிறது. "நான்தான் கொண்டுபோய் ஏற்றினேன்" என்ற வரியை அடிக்கவில்லை, அது உங்கள் எழுத்து. அதன் கீழே நான் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். "ஆமாம், அதனால்தான் அன்றைக்குப் பிழைத்தான்."

சமையலறை வாசலில் கேட்ட கேள்வியை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தாமதம்தான். எடுத்துக்கொள்ள விடுவீர்களா?

போன வாரம் காலண்டர் தாளில் நான் ஸ்டிக்கர் ஒட்டும்போது குட்டன் பக்கத்தில் வந்து நின்றான். தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும், நம்பர்கள் நன்றாகப் படிப்பான். பீரோ மேலிருக்கிற கட்டைக் காட்டி, "தாத்தா எழுதினது எல்லாம் என்னைப் பத்தியா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "நான் படிக்கலாமா?" என்றான். அவன் சாப்பிடுகிற மாத்திரைகளைச் சத்து மாத்திரை என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு நாள் என்று தட்டிக்கழித்தேன். அவன் போன பிறகு என் கை, உங்களுக்குச் சட்டைப் பை இருக்கிற இடத்துக்குப் போனது, அப்பா. ஒளித்து வைக்கிற இடம் எனக்கும் இருக்கிறது.

ஆகையால் ஒரு வாக்கு தருகிறேன். அவனுக்குப் பத்து வயது முடிவதற்குள், வேறு யார் வாயிலிருந்தும் வருவதற்கு முன்னால், நானே சொல்லுவேன். கட்டைப் பிரித்து, முதல் தாளிலிருந்து வரிசையாக, நடுவில் எதையும் எடுக்காமல். டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன், பயத்தையும் கூடவே வைத்துக்கொள்வேன். மடிப்பு விழுந்த தாள் வரும்போது நிறுத்தி, உன்னைத் தூக்கிக்கொண்டு மழையில் போனவர் இவர் என்று சொல்லுவேன். அவன் கேட்கிற எந்தக் கேள்விக்கும் படியிறங்கிப் போகமாட்டேன்.

காலையில் காலண்டர் தாளைக் கிழிக்க அவன் இப்போது ஸ்டூல் போட்டு ஏறுகிறான். ஸ்டூல் இல்லாமல் கொஞ்சம் எட்டவில்லை, அடுத்த வருஷம் எட்டிவிடும்.

இப்படிக்கு,
நீங்கள் பதில் சொல்லாமல் மன்னித்த உங்கள் பெண்,
குட்டனின் அம்மா
செம்பூர்